இரண்டு வெள்ளை மாத்திரைகளும் என் கொழுந்தனும்

கோபப்படக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்து, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் கடவுளுக்கும் டாக்டருக்கும் நன்றி சொல்லித்தான் தொடங்குவார்கள். எனக்கும் நன்றி உண்டு, பின்னால் சொல்கிறேன். முதலில் என்னை அங்கே படுக்க வைத்தவனைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவன் பெயர் செந்தில். என் வீட்டுக்காரர் ரங்கசாமியின் கூடப்பிறந்த தம்பி.

நான் தெய்வானை. வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பிளாட்லாக் மெஷினில் தைத்துத் தைத்து மேலே வந்தவள். செந்தில் அங்கேயே புரொடக்‌ஷன் மேனேஜர். என்னை நங்கையா என்று கூப்பிடுவான். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள். மரியாதைக்குக் குறைச்சலே இருக்காது. அந்த மரியாதையை நம்பித்தான் கெட்டேன்.

எனக்குச் சில வருடமாக பி.பி. உண்டு. தினமும் காலையில் டீ குடித்ததும் மெட்டோப்ரோலால் என்று ஒரு மாத்திரை. அது இதயத்தைக் கொஞ்சம் நிதானமாக அடிக்க வைக்கும், அதனால் பிரஷர் இறங்கும் என்று எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லியிருந்தார். படியேறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவளுக்கு மூச்சு வாங்காமல் இருக்குமா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றால் அதற்கு முன்னால் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் நடக்கும். எல்லாருக்கும் பி.பி. பார்ப்பார்கள். அதிகமாக இருந்தால் ஓய்வுக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டும், டாக்டரிடம் காட்டிய பிறகுதான் மறுபடி வேலை. நல்ல சட்டம்தான். ஆனால் ஆடிட் வரும் வாரமே ஷிப்மென்ட்டும் வந்து தொலையும். ஆளை வீட்டுக்கு அனுப்பினால் லைன் நின்றுபோகும். அதனால் எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம். முதலில் அதிகமாக வந்ததை எழுத மாட்டார்கள். கேன்டீன் பெஞ்சில் உட்கார வைத்து, ஏதாவது மாத்திரை கொடுத்து, இறங்கிய பிறகு பார்ப்பதைத்தான் எழுதுவார்கள். துணியில் கறை இருந்தால் கறை எடுக்கும் ஸ்பாட் கன் அடித்துவிட்டு மறுபடி செக்கிங்குக்கு அனுப்புவோமே, மனுஷருக்கும் அதே வைத்தியம்.

அன்றைக்கு எனக்கு அதிகமாகக் காட்டியது. பெஞ்சுக்குப் போனேன். செந்தில் வந்தான். சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து, வெள்ளை மாத்திரை ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தான்.

"இதைப் போட்டுக்குங்க நங்கையா. எனக்கு டாக்டர் குடுத்ததுதானுங்க. ஒரு மணி நேரத்துல இறங்கிரும்."

"காலைல என்ற மாத்திரையைப் போட்டுட்டனே சாமி."

"ரெண்டும் பி.பி. மாத்திரைதானுங்களே. ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டா சீக்கிரம் கேக்கும்."

போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் இறங்கவில்லை. அவன் முகம் சுருங்கியது. இன்னொன்றைப் பிதுக்கினான். மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டது. கேம்ப்புக்கு வந்த நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள். "நங்கையா பாஸுங்க!" என்று அவன் கையைத் தட்டிச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

சாயங்காலம் அயர்ன் டேபிள் பக்கத்தில் நின்று ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். கால் சில்லிட்டது. கண்ணில் கறுப்பாக ஏதோ பரவியது. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகவில்லை. யாரோ நெஞ்சுக்குள் ஈரச் சாக்கை அடைத்த மாதிரி இருந்தது. டேபிளைப் பிடிக்கப் போன கை வழுக்கியது. அவ்வளவுதான் தெரியும்.

கண் திறந்தபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கிடந்தேன். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க். நெஞ்சு முழுக்க ஒயர். ஒரு பெண் டாக்டர் குனிந்து பார்த்தார். நாகர்கோவில்காரர், பெயர் மெர்சி. என் நாடித் துடிப்பு முப்பதுக்குச் சற்று மேலே இழுத்துக்கொண்டிருந்ததாம். பி.பி. எண்பதுக்கும் கீழே. கம்பெனிக்காரர்கள் ஆசைப்பட்டபடியே நன்றாக இறங்கியிருந்தது, பாவிகள்.

"என்னென்ன மாத்திரை போட்டிருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார்.

காலடியில் செந்தில் நின்றான். பக்கத்தில் என் வீட்டுக்காரர், முகமெல்லாம் வெளிறிப்போய். எனக்கு மாஸ்க்கோடு பேச முடியவில்லை. கையைத் தூக்கி, ஆட்காட்டி விரலை நேராக செந்திலைப் பார்த்து நீட்டினேன். ஓடி வந்த நர்ஸ், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை அந்த விரலிலேயே மாட்டினாள். "விரலை ஆட்டாதீங்கம்மா" என்று கையை இறக்கிப் படுக்கையில் வைத்தாள். என் சாட்சி அத்தோடு முடிந்தது.

"வழக்கமாப் போடறதுதானுங்க டாக்டர், வேற ஒண்ணுமில்லீங்க" என்றான் செந்தில்.

காதால் கேட்டேன். அவன் கை சட்டைப் பாக்கெட்டை மூடிக்கொண்டிருந்ததையும் கண்ணால் பார்த்தேன். இவனை விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். உயிர் பிழைக்க வேண்டும் என்று நான் நினைத்ததுகூட அதற்கு அப்புறம்தான்.

கழுத்து நரம்பு வழியாக ஒரு ஒயரை இதயம் வரைக்கும் விட்டார்கள். தற்காலிக பேஸ்மேக்கர் என்று பெயர். வெளியே ஒரு பெட்டி, அது சொல்லும் வேகத்துக்கு இதயம் அடிக்கும். நுரையீரலில் தேங்கிய நீரை இறக்க ஊசி போட்டார்கள். பிறகு எக்கோ. நெஞ்சில் ஜில்லென்று பசையைத் தடவி, ஒரு கருவியை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். திரையில் என் இதயம் தெரிந்தது. சோம்பேறி ஹெல்பர் மாதிரி ஏனோதானோ என்று அசைந்துகொண்டிருந்தது.

அதை டாக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். இதயத்தின் இடது கீழறை ரத்தத்தால் நிரம்பும், பிறகு சுருங்கி அதை உடம்புக்குத் தள்ளும். நிரம்பிய ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஒரு துடிப்பில் தள்ளுகிறது என்ற கணக்குக்கு இ.எஃப். என்று பெயர். நூறு பங்கையும் எந்த இதயமும் தள்ளாது. பாதிக்கு மேல், அறுபது பக்கம் தள்ளினால் நல்ல இதயம். என்னுடையது முப்பது தள்ளியது.

பல வருடம் பிரஷரோடு மல்லுக்கட்டியதில் அது முன்பே கொஞ்சம் தளர்ந்திருக்கலாம் என்றார். படியில் வாங்கிய மூச்சுக்குக் காரணம் பஞ்சுத் தூசி இல்லை. ஆனால் ஒரே நாளில் இவ்வளவு மோசமாக ஏன் ஆனது, துடிப்பு ஏன் இப்படிப் படுத்தது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் மாஸ்க்கைக் கழற்றியதும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன். "டாக்டரம்மா, என்ற கொழுந்தன் ரெண்டு வெள்ளை மாத்திரை குடுத்தானுங்க."

"பேரு தெரியுமா?"

"தெரியாதுங்க. அவனைக் கேளுங்க."

அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தக் கட்டையில் போகிறவன் கொஞ்சமும் கூசாமல் சொன்னான். "அது கேஸ் மாத்திரைங்க டாக்டர். நெஞ்சு எரியுதுன்னாங்க, குடுத்தேன். முருகன் மேல சத்தியமுங்க." பிறகு அவன் அண்ணன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நங்கையாவுக்கு மூளைக்கு ரத்தம் சரியாப் போகலீங்கண்ணா. அதான் கொழப்பமாப் பேசறாங்க" என்றான்.

என் வீட்டுக்காரர் என் தலையைத் தடவி, "பேசாமப் படு புள்ள. அவன் எதுக்குப் பொய் சொல்றான்?" என்றார். என் நோயையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டானே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். ஆனால் மானிட்டரில் எழுபது என்று நின்ற எண் அசையவே இல்லை. பெட்டியில் வைத்த வேகத்துக்குத்தானே அது அடிக்கும்! செந்தில் அந்த எண்ணைப் பார்த்தான். "அமைதியாயிட்டாங்க" என்று அண்ணனிடம் சொன்னான். இருடா, இரு என்று மனசுக்குள் கருவிக்கொண்டேன்.

அவன் ஏன் மறைத்தான் என்று தெரியாமல் இல்லை. ஆடிட்டுக்கு வந்தவர்கள் கம்பெனியில்தான் இருந்தார்கள். மேனேஜர் கொடுத்த மாத்திரையால் சூப்பர்வைசர் விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதினால் போலீசுக்குத் தகவல் போகும், ஆர்டர் போகும், அவன் நாற்காலியும் போகும். என் இதயத்தை ஒரு தட்டில் வைத்து, தன் நாற்காலியை இன்னொரு தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறான்.

ஐ.சி.யூ.வில் படுத்தவர்களுக்குத் தெரியும், அங்கே பொழுது என்று ஒன்று கிடையாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகுவார்கள். திரைச்சீலை இழுக்கும் சத்தம் கேட்டால், யாருக்கு முடிந்ததோ என்று தலையைத் தூக்கிப் பார்ப்பேன். வெளியே என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தார். உள்ளே விடும்போதெல்லாம் பேசாமல் என் பாதத்தைத் தேய்த்துச் சூடு பண்ணுவார். செந்திலின் பெண்டாட்டி அமுதா வேளை தவறாமல் வந்தாள். எனக்கு உப்பு ஆகாது என்றதும் எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்தை உப்பில்லாமல் ஆக்கி, மிளகு மட்டும் போட்டு எடுத்து வந்தாள். நான் முகத்தைச் சுளித்தபோது அவளும் ஒரு தட்டில் அதையே போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இப்படிப்பட்டவளுக்கு அப்படி ஒருவன் வாய்த்தானே என்று நினைத்தேன்.

அவளிடம்தான் மெல்லக் கேட்டேன். "ஏன் கண்ணு, செந்தில் பி.பி.க்கு என்ன போடறான்?"

"வெள்ளையா ஒரு மாத்திரைங்கக்கா. பேரெல்லாம் வாயில நொழையாது. மத்தியானம் போடோணும்னு சட்டைப் பாக்கெட்டிலயே வச்சுட்டுத் திரிவாருங்க. நான் கையால தொட்டாலும் திட்டுவாரு."

அன்று சாயங்காலம் டாக்டர் மெர்சி என் வீட்டுக்காரரையும் செந்திலையும் உள்ளே அழைத்தார். மெட்டோப்ரோலால் ஒன்றுக்கு இதயம் இவ்வளவு படுக்காது, வேறு எந்த மருந்தும் இல்லை என்றால் இதயத்தின் கரண்டு ஓட்டமே கெட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், நாளைக் காலையில் ஆபரேஷன் செய்து நிரந்தர பேஸ்மேக்கர் வைத்துவிடலாம் என்றார். தோளுக்குக் கீழே கீறி, தோலுக்கு அடியில் ஒரு பெட்டியைப் புதைப்பார்களாம். காலம் முழுக்க அது இருக்கும். பலவீனமான இதயத்தில் அதற்கும் ஆபத்து உண்டாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். செந்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பாக்கெட்டில் பட்டையின் ஓரம் மினுங்கியது.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷமுங்க" என்றேன். "எனக்கு வயிறு ஒரே உப்புசமா இருக்குதுங்க. செந்திலு, அன்னைக்குக் குடுத்தயே கேஸ் மாத்திரை, அது பாக்கெட்டிலதானே இருக்குது? ரெண்டு குடு. டாக்டரம்மா முன்னாடியே முழுங்கறேன்."

கையை நீட்டினேன்.

"இப்ப எதுக்குங்க நங்கையா..."

"கேஸ் மாத்திரைதானே? முருகன் மேல சத்தியம் பண்ணுனயே. குடு சாமி."

அவன் அசையவில்லை. டாக்டர் என் கையையும் பார்த்தார், அவன் பாக்கெட்டையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, மகராசி.

என் வீட்டுக்காரருக்குத்தான் புரியவில்லை. "குடுத்துத் தொலைடா, கேக்கறால்ல" என்று அவரே தம்பியின் பாக்கெட்டிலிருந்து பட்டையை உருவினார். இரண்டைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். நான் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். டாக்டர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்ததும், "ஐயோ வேண்டாமுங்க!" என்று செந்தில் அலறியதும் ஒன்றாகத்தான் நடந்தன.

"வெராபமில்ங்க டாக்டர்" என்றான். "அது வெராபமில். ரெண்டு குடுத்தேனுங்க."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம்பியை அறைந்தார். ஐ.சி.யூ.வில் இப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று நர்ஸ் ஓடி வந்தாள். எனக்கோ இன்னொன்று விழாதா என்று இருந்தது.

பெயர் தெரிந்ததும் எல்லாம் மாறியது. நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள். ஆபரேஷனை நிறுத்தி வைத்தார்கள், மருந்தின் வேகம் உடம்பை விட்டு இறங்கட்டும் என்று. இரண்டு நாள் கழித்துப் பெட்டியை அணைத்துப் பார்த்தபோது என் இதயம் தானாகவே அடித்தது. ஒயரை உருவினார்கள். நிரந்தரப் பெட்டி தேவைப்படவில்லை.

இதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். எல்லா பி.பி. மாத்திரையும் ஒன்று அல்ல. இதயத் தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும். வெராபமில் அந்தக் கால்சியம் உள்ளே போவதைக் குறைக்கிறது. அதனால் பிரஷரும் இறங்கும், தசை பிழிந்து தள்ளுகிற பலமும் குறையும், துடிப்பும் மெதுவாகும். நல்ல இதயம் அதைத் தாங்கும். செந்தில் தாங்கினான். தளர்ந்த இதயம் தாங்காது. அதிலும் ஏற்கெனவே மெட்டோப்ரோலால் ஒரு பிரேக் போட்டிருக்கும்போது இது இரண்டாவது பிரேக். வண்டி நின்றேவிடும்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு அனுப்பும் முன்னால் டாக்டர் மெட்டோப்ரோலாலையே மறுபடி எழுதினார், துணுக்கு அளவில். நான் எகிறினேன்.

"அதே சனியனா? என்ற நெஞ்சை நிறுத்தப் பாத்த மாத்திரையில அதுவும் ஒண்ணுதானுங்களே?"

டாக்டர் சிரித்தார். "உங்க மேனேஜர் விரட்டுற மாதிரி, உடம்புல ஒரு சுரப்பு பலவீனமான இதயத்தை வேகமா அடி, வேகமா அடின்னு விரட்டிக்கிட்டே இருக்கும்மா. அதுல இதயம் இன்னும் கெடும். இந்த மாத்திரை அந்த விரட்டலைத் தடுக்கும். மொத்தமாக் கொடுத்தா பம்பிங் குறையும். துளித்துளியா ஏத்தினா, சில மாசத்துல பம்பிங்கே கூடும்."

கூடவே ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரை ஒன்று. குழாய் தளர்ந்தால் இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய பாரம் குறையும். அதில் வறட்டு இருமல் வரலாம், வந்தால் சொல்லச் சொன்னார். நீர் இறங்க ஒன்று. எதையும் நானாக நிறுத்தக் கூடாது, எவரிடமும் வாங்கிப் போடக் கூடாது. அடுத்தவர் மாத்திரை என்றால் எனக்கு இப்போது பாம்பைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

சில மாதம் போய் இன்றைக்குப் பார்த்ததில் என் இ.எஃப். நாற்பத்தைந்து. டாக்டர் மெர்சி நன்றாயிருக்கட்டும். சொன்னபடி நன்றி சொல்லிவிட்டேன், இனி செந்தில்.

நான் வீடு திரும்பியதும் அமுதாவோடு வந்து காலில் விழுந்தான். மன்னித்துவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரரே, "அவன் வாழ்க்கை வீணாப்போயிரும் புள்ள, போலீசு அது இதுன்னு விஷயத்தை வெளிய விட வேண்டாம்" என்றார். அமுதா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்காகக் கொஞ்சம் மனசு இளகியது. அவனுக்காக இளகவில்லை.

"கேன்டீன்ல, மொத்த லைனும் இருக்கறப்ப, என்ன குடுத்தே, யாருகிட்ட என்ன பொய் சொன்னே, எல்லாத்தையும் உன்ற வாயால சொல்லோணும்" என்றேன். "அதுக்கப்புறம் மத்ததைப் பேசலாம்."

நான் வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தான். "சத்தமா" என்றேன். சத்தமாகச் சொன்னான். மாத்திரையின் பெயர், கேஸ் மாத்திரை, முருகன் மேல் செய்த சத்தியம், ஒன்றும் விடாமல். எனக்குள்ளே பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பொய் எதற்குச் சொல்ல வேண்டும்?

அவன் முடித்ததும் தூத்துக்குடிப் பக்கத்து ஜெயராணி எச்சில் கையோடு எழுந்தாள். பேக்கிங்கில் இருக்கிறவள். "போன வருசம் எனக்கும் வெள்ளை மாத்திரை குடுத்தியல்லா சார்? ஒரு வாரம் எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். ரத்தம் இல்லன்னு நெனச்சுட்டேன்."

அடுத்து ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒரு பெண் எழுந்தாள். பிறகு பீகாரிலிருந்து வந்த புள்ளை ஒருத்தி, "முஜே பி, சார்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். எனக்கும்தான் என்று இந்தியில் சொன்னாள். கடைசி பெஞ்சில் இரண்டு பேர். அந்தப் பக்கம் இன்னும் ஒருத்தி. எல்லாரும் ஏதாவது ஒரு சமயத்தில் என் லைனில் எனக்குக் கீழே வேலை செய்தவர்கள்.

செந்தில் வியர்த்துப்போய் என் பக்கம் வந்தான். "போதுமுங்களா நங்கையா? இத்தோட விட்டுருவீங்களா?"

"என்னை எதுக்கு சாமி கேக்கறே?" என்றேன். "நின்னுட்டிருக்கறவங்களைக் கேளு."

அவன் திரும்பிப் பார்த்தான். ஒருத்தியும் உட்காரவில்லை.